சிறுதேரும் தகரப் படகும்: மயிலைப் பகுதியில் விளையாட்டுப் பொருள்களின் வரலாறு

டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில், மயிலைக்குக் கிழக்கே சாந்தோம் தெருக்களில் வீட்டு வாயில்தோறும் தாளாற் செய்த விண்மீன் விளக்குகள் தொங்கும். அத்தெருக்களில் வளர்ந்து முதுமையெய்தியோர், கிறிஸ்துமஸ் நாளில் தாம் சிறுவராய்ப் பெற்ற பரிசுகளை நினைந்து பேசுதல் இயல்பு. மரவண்டி, தகரப் படகு, கண் மூடித் திறக்கும் பொம்மை எனப் பலவற்றை எண்ணிச் சொல்லிப் பின், 'அவை போன்றன இக்காலத்தில் இல்லை' என்று முடிப்பர். பங்குனித் திங்களில் அறுபத்துமூவர் விழாவன்று மயிலை மாடவீதியில் நிற்கும் முதியோரும், சொப்பையும் மரப்பாச்சியையும் குறித்து இவ்வாறே கூறுவர். சமயம் வேறாயினும் ஏக்கம் ஒன்றே.

இவ்வேக்கம் வரலாற்றுக்குச் சான்றாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். நினைவைப் பொய்யென்று தள்ளுதல் எளிது. மெய்யென்று அப்படியே கொள்ளுதல் அதனினும் எளிது. இவ்விரண்டும் ஆராய்ச்சி நெறியாகா. விளையாட்டுப் பொருள்களில் மாறியவை யாவை, மாறாதவை யாவை, நினைவு கூறாது விடுவன யாவை என்பவற்றை இலக்கியச் சான்றையும் ஊர் வரலாற்றையும் கொண்டு ஒருவாறு வரையறுக்க முயல்வோம்.

1. இலக்கியத்தில் சிறுதேர்

தமிழில் விளையாட்டுப் பொருள்களுட் பழஞ்சான்று மிகுதியும் உடையது சிறுதேர். உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டையும், 1937ஆம் ஆண்டில் குறுந்தொகையையும் பதிப்பித்து வெளியிட்டார். அவற்றால் நாம் அறியும் சிறுதேர்கள் மூன்று இங்குக் கருதத்தக்கன.

முதலாவது, பட்டினப்பாலையிற் காணப்படுவது. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் முற்றத்தில் உலரும் நெல்லைக் கவரவரும் கோழியை எறிதற்குத் தம் பொற்குழையைக் கழற்றி வீசுகின்றனர். அக்குழை, பொற்கழல் அணிந்த சிறுவர் குதிரையின்றி உருட்டும் மூன்றுருளைத் தேரின் வழியைத் தடுக்கின்றது. இது செல்வச் சிறப்பைக் காட்ட வந்த இடம். எனினும், தேருக்கு உருளை மூன்று என்னும் நுட்பம் புலவர் கண்டு எழுதியதே யாகும். நடைபழகும் குழந்தை தள்ளிச் செல்லும் மூன்றுருளை நடைவண்டி அண்மைக்காலம் வரை தச்சர் கையால் செய்யப்பெற்று வந்ததை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

இரண்டாவது, அப்புலவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்து ஊரொன்றில் வருவது. அங்கு உழவர் வீட்டுப் புதல்வர், ஏறிச் செல்லுதற்கன்றி உருட்டுதற்கே அமைந்த நல்ல தேரை உருட்டித் தளர்ந்து, பின் செவிலியரிடம் பாலுண்டு துயில்கின்றனர். அத்தேர் தச்சருடைய பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பெற்றது என்பது பொருள். இக்குறிப்பு ஆழ்ந்து நோக்கற்பாலது. தேரும் சகடும் நாள்தோறும் உருவாகும் பட்டறையில் வளர்பவன் தச்சன் மகன். அவனே விரும்பும் தேர் என்றால், அதன் வேலைப்பாடு எத்தகையது என்று புலவர் உயர்த்துகின்றார். ஆயின் அப்புகழ்ச்சியினுள்ளே மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. தேரை உருட்டுபவன் ஒருவன். அதனை விரும்பி நோக்குபவன் மற்றொருவன். செய்தவனுடைய மகன் நோக்குபவனாகவே நிற்கின்றான்.

மூன்றாவது, குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் பாடிய 61ஆம் பாட்டில் உவமையாக வருவது. தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச் செல்லாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இன்புறும் சிறாரைப் போல, தலைவனோடு கூடியின்புறாவிடினும் அவன் நட்பைப் பேணியே தாம் இன்புறுவதாகத் தோழி கூறுகின்றாள். விளையாட்டுப் பொருளின் இயல்பு இதனினும் தெளிவாக யாண்டும் உரைக்கப்படவில்லை எனலாம். மெய்ப்பொருளின் பயன் அதனிடத்து இல்லை. பயனில்லாதவிடத்தும் இன்பம் உண்டு.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கள் இவ்விளையாட்டுகளைப் பருவங்களாகவே வகுத்துக்கொண்டன. ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன இறுதி மூன்று பருவங்கள். பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பன. ஆண்மகவுக்குத் தேரும் பறையும், பெண்மகவுக்கு அம்மானையும் ஊசலும் என்னும் இப்பாகுபாடு, இன்றைய கடைகளில் ஆண்பிள்ளைக்கு மகிழுந்தும் பெண்பிள்ளைக்கு அடுக்களைப் பொருள்களும் எனத் தொடர்வதைக் காண்கின்றோம். பொருள் மாறியும் பாகுபாடு மாறாமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வடமொழியிற் சூத்திரகர் இயற்றிய நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்னும் பெயரால் தமிழாக்கினார். அதன்கண், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டு, தனக்கு மண்தேர் வேண்டா என்று சாருதத்தன் மகன் அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரில் இடுகின்றாள். நாடகத்தின் பெயரே இந்நிகழ்ச்சியால் அமைந்தது. பெறாத பிள்ளையின் அழுகை பழம்புலவர்க்கு நன்கு கேட்டிருந்தது என்பது இவற்றால் போதரும்.

2. பாவையும் பொம்மையும் சொப்பும்

இன்று நாம் எளிதில் வழங்கும் பொம்மை என்னும் சொல் தெலுங்கு, கன்னட மொழிகளில் வழங்கும் பொம்ம, பொம்பெ என்பவற்றோடு உறவுடையது. அவ்விடத்தில் முன்னர் வழங்கியது பாவை. மரப்பாவை என்னும் தொடர் திருக்குறளில் நாண் இல்லாதார்க்கு உவமையாக வருகின்றது. ஆண்டு அது கயிற்றால் இயக்கப்படும் பாவையைக் குறிக்கும். மக்கள் வழக்கில் உள்ள மரப்பாச்சியில் அப்பழஞ்சொல்லின் முற்பகுதியேனும் தங்கியுள்ளது. செப்பு என்பது செம்பையும், சிமிழ் போன்ற சிறுகலத்தையும் குறிப்பது. அதுவே சிறுமியர் விளையாடும் சிறுபாண்டங்களுக்கு ஆகிச் சொப்பு என மருவியது.

அகழ்வாய்வும் விளையாட்டின் பழமைக்குச் சான்று தருகின்றது. சிந்துவெளி நகரங்களிற் சுடுமண் வண்டிகளும் ஊதல்களும் கிடைத்துள்ளன. கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் தாயக்கட்டைகளும் கிடைத்துள்ளன. எனினும் மரமும் ஓலையும் மண்ணிற் புதைந்து மட்கிவிடுவன. பனையோலைக் காற்றாடியையும் மரத்தேரையும் அகழ்ந்து காண்டல் அரிது. ஆகவே மண்ணில் எஞ்சியவற்றைக் கொண்டு மட்டும் பழங்காலப் பிள்ளைகளின் உடைமையைக் கணக்கிடலாகாது.

3. மயிலை: விழாவும் கடையும்

மயிலையின் வரலாற்றில் விழாவுக்கும் பிள்ளைமைக்கும் உள்ள தொடர்பு திருஞானசம்பந்தர் காலத்திலேயே வெளிப்படுகின்றது. சிவநேசர் மகளாகிய பூம்பாவை, மலர் கொய்யுங்கால் அரவு தீண்டி இறந்தனள். அவளுடைய என்பும் சாம்பலும் அடங்கிய குடத்தை நோக்கிச் சம்பந்தர் பதிகம் பாடினார் என்பது வரலாறு. அப்பதிகத்தில் ஓணம், கார்த்திகை, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் முதலிய மயிலை விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்தோதி, அவற்றைக் காணாமலே போவாயோ என்று அவளை வினவுகின்றார். இறந்த சிறுமிக்கு அவர் எடுத்துக்காட்டிய இழப்பு வேறன்று, ஊர் விழாவே. விழாவைக் காண்டல் பிள்ளைமையின் உரிமை என்னும் கருத்து அதன்கண் அமைந்துள்ளது.

அவ்வுரிமையின் அங்கமாக அமைந்ததே விழாக்கடை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளாகிய அறுபத்துமூவர் விழாவில் மாடவீதிகளின் ஓரத்திற் சிறுகடைகள் பரப்பப்படும். மரச்சொப்பு, மண்சொப்பு, ஊதல், கிலுகிலுப்பை, தாட்காற்றாடி, இழுத்தால் பறையொலிக்கும் வண்டி ஆகியன அங்கு விலைப்பட்டன. அரக்குப் பூசிய மரப்பொம்மைகள் கன்னட நாட்டுச் சென்னபட்டணத்தினின்றும் வந்தன. அதனைப் பெயரொற்றுமையால் நம் சென்னப்பட்டினத்தோடு மயங்கலாகாது. மரப்பாச்சி செம்மரத்தாற் கடையப்பெற்றது. திருப்பதி செல்வோர் அதனை வாங்கி வருதல் வழக்கம். செம்மரம் வெட்டுதற்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் பிற மரங்களால் அவ்வுருவம் செய்யப்படுகின்றது.

நவராத்திரியில் வடக்கு மாடவீதியில் விற்கும் கொலுப் பொம்மைகளை இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது. கொலுப் பொம்மை காண்டற்கு உரியது, தீண்டற்கு உரியதன்று. பிள்ளைகள் படிக்கு அப்பால் நின்றே அதனைக் கண்டனர். மரப்பாச்சி ஒன்றே இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஒன்பது நாள் பட்டுடுத்துப் படியில் நின்று, எஞ்சிய நாளெல்லாம் சிறுமியர் கையில் குழந்தையாயிற்று.

4. சாந்தோம்: பிறப்பு விழாவும் பரிசும்

மயிலைப் பகுதியில் கிறித்தவரின் இருப்பு பழமையானது. லஸ் கோயிலின் கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கின்றது. இன்று காணும் சாந்தோம் பேராலயம் 1896ஆம் ஆண்டில் அருட்பொழிவு பெற்றது. ஆயின் கிறிஸ்துமஸ் நாளிற் பிள்ளைகட்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் வழக்கம் அத்துணைப் பழமையுடையதன்று. ஐரோப்பாவிலேயே அது குடும்ப வழக்காக எங்கும் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆங்கிலேயர் ஆண்ட நாளில் இந்தியாவில் கிறிஸ்துமஸ் பரிசு என்பது பெரும்பாலும் கீழிருந்து மேற்சென்றது. அலுவலரிடம் காரியம் வேண்டுவோர் பழமும் மலரும் இனிப்பும் நிறைந்த தட்டுகளை அவர் வீட்டிற்கு அனுப்பினர். 'டாலி' என்பது அதன் பெயர். பெரியோரிடமிருந்து சிறுவர்க்கு இறங்கிவரும் பரிசு, அதன் பின்னரே நடுத்தரக் குடும்பங்களிற் பரவியது.

பிறப்பு விழாவின் மற்றோர் உறுப்பு குடில். 1223ஆம் ஆண்டில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் கிரெச்சோ என்னும் ஊரில் அமைத்த காட்சியினின்றும் இவ்வழக்கம் வளர்ந்தது. குழந்தை இயேசுவும் ஆயரும் ஆடுமாடுகளும் மண்ணுருவாய்க் குடிலில் வைக்கப்பெறுதலைக் கொலுவோடு ஒப்பிடலாம். இரண்டும் ஆண்டுக்கொருமுறை பெட்டியினின்றும் எடுக்கப்பெறுவன. இரண்டும் பிள்ளைகளால் தீண்டப்படாதன. இரண்டிலும் புதியதோர் உருவம் ஆண்டுதோறும் சேர்க்கப்பெறும். மயிலையில் இவ்விரு வழக்கங்களும் சில தெருக்களின் இடைவெளியிலேயே வாழ்ந்து வந்தன.

பரிசாகக் கொடுக்கப்பெற்ற பொருள்கள் யாவை? நினைவு கூறுவது போல் அவை யாவும் நம் ஊர்க் கைத்தொழிலல்ல. முதல் உலகப்போருக்கு முன்னர் உலக விளையாட்டுப் பொருள் வாணிகத்தில் செருமனி நாடே முதன்மை பெற்றிருந்தது. 1914ஆம் ஆண்டில் போர் தொடங்கியபின் அவ்விடத்தில் சப்பானியப் பொருள்கள் புகுந்தன. தகரத்தில் வண்ணம் அச்சிட்ட ஊர்திகளும் செல்லுலாய்டுப் பொம்மைகளும் அவ்வழி வந்தன. பிள்ளைகளின் கையில் இருந்தது ஒருகால் நியூரம்பர்க்காகவோ ஒசாக்காவாகவோ இருக்கலாம். நினைவில் அது மயிலையாக மாறிவிட்டது.

தகரப் படகு இதற்கு நல்ல சான்று. சிறு விளக்கை ஏற்றி நீரில் விட்டால் 'டப்டப்' என்னும் ஒலியோடு செல்லும் அப்படகை விழாக்கடைகளிற் கண்டோர் பலர். அதன் அடியில் மெல்லிய தகட்டாலான சிறு கொதிகலமும், அதனின்று பின்புறம் செல்லும் குழாய்களும் உண்டு. விளக்கின் வெம்மையால் நீர் ஆவியாகிக் குழாயிலுள்ள நீரை வெளியே தள்ளுகின்றது. அத்தள்ளலால் படகு முன் செல்லும். பின் ஆவி குளிர்ந்து சுருங்க, நீர் மீண்டும் உட்புகும். மேற்றகடு மேலும் கீழும் அசைதலால் ஒலி எழுகின்றது. இவ்வமைப்புக்கு 1891ஆம் ஆண்டில் தாமஸ் பியோ என்பார் இங்கிலாந்தில் உரிமம் பெற்றார். நம் நாட்டுத் தொழிலாளர் அதனைப் பழைய தகரத் துண்டுகளால் செய்து விழாதோறும் விற்றனர். ஆகவே, 'நம் பழைய பொம்மை' என்று போற்றப்படும் இது அயலார் அமைப்பு, நம்மவர் கைவண்ணம். நாமும் அத்தகைய படகு கடைக்காரன் முன்னிருந்த தட்டுநீரில் சுற்றிவருதலை நெடுநேரம் நின்று நோக்கி, வாங்காது மீண்ட சிறுவருள் ஒருவராயிருந்தோம்.

5. அடையாறு: பொருள் கருவியாதல்

விளையாட்டுப் பொருளைக் குறித்த கருத்து மாறுதற்கு மற்றொரு காரணம் கல்வி. செருமானிய அறிஞர் பிரோபல் 1840ஆம் ஆண்டில் குழந்தைப் பள்ளிக்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். அவர் வகுத்த பந்து, உருளை, கனசதுரம் முதலியவற்றிற்குப் 'பரிசுகள்' என்பதே பெயர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோமில் தம் முதற் குழந்தையில்லத்தைத் தொடங்கினார். அங்கு விலையுயர்ந்த பொம்மைகளைக் கொடுத்தும் குழந்தைகள் அவற்றை விடுத்து, மெய்யான வேலைகளையும் பயிற்சிக் கருவிகளையுமே நாடினர் என்று அவர் கண்டார்.

அம்மையார் 1939ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். 1940ஆம் ஆண்டில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் மகனார் மாரியோ காவலில் வைக்கப்பெற்றார்; அம்மையாரும் அடையாற்றை விட்டு நீங்காதவாறு தடைசெய்யப்பெற்றார். சில திங்களில் மகனார் விடுவிக்கப்பெற்றார். போர் முடியும் வரை அம்மையார் இந்தியாவிலேயே தங்கிக் கோடைக்கானல் முதலிய இடங்களிலும் பணியாற்றினார். அக்காலத்திற் பயின்ற ஆசிரியர் வழியாக, இளஞ்சிவப்புக் கோபுரமும் மணிக்கோவையும் சென்னைப் பள்ளிகளிற் புகுந்தன. இவற்றைப் பொம்மை என்று அம்முறையினர் கூறார்.

ஈண்டு ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. சிறுதேர் பயனின்மையால் இன்பம் தந்தது. பயிற்சிக் கருவி பயனால் மதிப்புப் பெற்றது. இன்று 'அறிவு வளர்க்கும்' என்னும் அடைமொழியின்றி விளையாட்டுப் பொருள் விற்பது அரிதாயிற்று. இம்மாற்றம் மரம் பிளாஸ்டிக்காக மாறியதனினும் பெரிது என்பது நம் துணிபு. ஆயினும் சொப்பில் சோறு சமைத்த சிறுமியும் மெய்யான வேலையையே போலச் செய்தாள். ஆகவே அம்மையார் கண்டதற்கும் நம் பழவழக்கிற்கும் முழுமுரண் இருப்பதாகக் கொள்ள வேண்டா.

6. தியாகராய நகர்: விழாவினின்றும் நாளங்காடிக்கு

பிட்டி தியாகராயர் பெயரால் 1920களில் ஏரிநிலத்தில் அமைந்த தியாகராய நகரில், பனகல் பூங்காவைச் சூழ்ந்து வணிகம் வளர்ந்தது. பாண்டி பசார் எனப்படும் கடைத்தெரு சௌந்தரபாண்டியனார் பெயரால் வழங்குவது. அங்கு நடைபாதையில் பொம்மை விற்பனை ஆண்டு முழுதும் நிகழ்ந்தது. அதற்குமுன் பலவகைப் பொருள்களுக்குப் பெயர்பெற்றிருந்த மூர் சந்தை 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று, 1985ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. பாண்டி பசார் நடைபாதை வணிகர் 2013ஆம் ஆண்டில் அடுக்கு வளாகத்திற்கு மாற்றப்பெற்றனர். 2019ஆம் ஆண்டில் அத்தெரு நடப்போர்க்குரிய அகன்ற வளாகமாயிற்று.

விழாக்கடை நாளங்காடியாகியபோது, ஓராண்டு காத்திருத்தல் என்பது நீங்கியது. 1987ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு எம்.ஆர்.எப். நிறுவனமும் அமெரிக்க ஹாஸ்பிரோ நிறுவனமும் கூடி பன்ஸ்கூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன்பின் அட்டைப் பெட்டியில் பெயரும் விலையும் அச்சிட்ட பொம்மை நடுத்தரக் குடும்பங்களிற் பரவியது. சீனப் பொருள்கள் பெருகின. அவற்றைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 2020ஆம் ஆண்டில் இறக்குமதி வரியை உயர்த்தியது. 2021ஆம் ஆண்டு சனவரி முதல் நாளினின்றும் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாயிற்று. பதிவுபெற்ற கைவினைஞர் செய்வனவற்றிற்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றிற்கும் அதனின்று விலக்களிக்கப்பெற்றது. பதிவு இல்லாது விழாதோறும் ஊர்விட்டு ஊர் செல்லும் தகரவேலைக்காரரும் காற்றாடி செய்வோரும் இவ்விலக்கினுள் எளிதில் அடங்கார் என்பது கருதத்தக்கது.

7. நினைவு கூறுவதும் விடுவதும்

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பழைய பொம்மைகள் யாவும் உள்ளூரின என்பது பிழை. பிள்ளைகளின் விளையாட்டு முறை அடியோடு மாறிவிட்டது என்பதும் பிழை. இழுத்தல், உருட்டல், சமைத்தல், தாலாட்டல் என்னும் செயல்கள் பெரும்பாலும் நிற்கின்றன. மாறியது பொருளைச் சூழ்ந்த உறவு. முன்பு பொம்மைக்கு ஒரு நாள் இருந்தது. ஒரு தெரு இருந்தது. செய்தவன் அல்லது அவனைச் சார்ந்தவன் எதிரே இருந்தான். இன்று அம்மூன்றும் நீங்கிப் பொருள் மட்டும் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்கின்றது. ஏக்கத்தில் உள்ள உண்மை இதுவே.

அவ்வேக்கம் விடுத்த உண்மையும் ஒன்று உண்டு. நினைவுரை எழுதுவோர் பொம்மையைப் பெற்றோரே. மாடவீதியில் பெட்டி சுமந்தவன் மகனும், கொலுப் பொம்மைக்கு வண்ணம் தீட்டியவன் மகளும் தம் நினைவை எழுதி வைத்திலர். பெரும்பாணாற்றுப்படைப் புலவர் ஒரு தொடரில் அமைத்த தச்சன் பிள்ளையை இக்கால நினைவுரைகளில் நாம் காண்பதில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டு இவ்வகையில் இன்றைய உரைநடையினும் நிறைவான சான்றாகின்றது. அதே வேளையில், விழாக்கடையின் ஊதலும் காற்றாடியும் அப்பிள்ளைகளின் கைக்கும் எட்டும் விலையுடையனவாயிருந்தன என்பதையும் மறத்தலாகாது. கடை மறையின் முதலில் இழப்பவர் அவரே.

ஆதலின் இத்துறையில் ஆராயப் புகும் மாணவர், மயிலையிலும் சாந்தோமிலும் உள்ள முதியோரிடம் 'நீவிர் பெற்றது யாது?' என்று மட்டும் வினவுதல் போதாது. 'விரும்பியும் பெறாதது யாது? அது யார் கையில் இருந்தது? அதனைச் செய்தவர் யாவர், எவ்வூரினர்?' என்றும் வினவுதல் வேண்டும். தகரப் படகு செய்வோரும் மரப்பாச்சி கடைவோரும் இன்னும் சிலர் உளர். அவர்தம் கருவிகளின் பெயர்களும் தொழிற்சொற்களும் அகராதியில் ஏறாமலே மறைதல் கூடும். அவற்றைத் தொகுத்தல் தமிழ் பயில்வோர் கடமையுள் ஒன்றாகும். அத்தொகுப்பை அடுத்த பங்குனி விழாவின் கடைத்தெருவிலிருந்தே தொடங்கலாம்.